கார்த்திகை நீர்மட்டத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்

நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறைத் தலைமைப் பொறியாளர்களுக்கு வணக்கம்.

காவிரி டெல்டாவில் பாலமோ கதவணையோ கட்டும் முன் மண் பரிசோதனைக்குத் துளை போடுகிறீர்கள். ஆறு காய்ந்து, துளை போடும் வண்டி இறங்கத் தோதாக இருப்பது சித்திரை, வைகாசி. அப்போது துளை போடுவதில் குறையில்லை. ஆனால் அன்று கண்ட நிலத்தடி நீர்மட்டத்தை வைத்தே நிலநடுக்கத்தில் மண் தாங்குமா என்ற கணக்கையும் முடித்துவிட்டால் விடை பிசகும். மேட்டூர் திறந்து, வடகிழக்குப் பருவமழையும் கொட்டிய பிறகு, கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர் தரைக்குப் பக்கத்தில் நிற்கும்.

தளர்ந்த நுண்மணல் நீரில் ஊறிக்கிடக்கையில் நிலம் குலுங்கினால், துகள்கள் நெருங்கப் பார்க்கும். இடையில் உள்ள நீருக்கு வெளியேற நேரம் இருக்காது. நீரழுத்தம் ஏறி, மண்ணின் பிடி விட்டுப்போகும். இதுதான் மண் நீர்மமாதல். கொள்ளிடக் கரைத் துளையில் வரும் ஈர நுண்மணலை உள்ளங்கையில் வைத்து, மறு கையால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள். மேலே நீர் பளபளக்கும். விரலால் அழுத்தினால் பளபளப்பு மறைந்து இறுகும். 1964-இல் ஜப்பானின் நீகாதாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பெரிதாக உடையாமலே சாய்ந்தன. 2001 குஜராத் நிலநடுக்கத்தில் கண்ட்லா துறைமுகக் கோபுரமும் சாய்ந்தது.

ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்க விதிநூலின் 2016 பதிப்புப்படி நமது டெல்டா, ஆபத்து குறைந்த இரண்டாம் மண்டலத்தில் வருகிறது; எதிர்பார்க்கும் அதிர்வின் கடுமையைக் குறிக்கும் மண்டலக் காரணி 0.10 தான். அதற்காக அதிர்வே வராது என்று இருந்துவிட முடியாது. 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தது. களிமண் கனமாக இருக்கும் ஊர்களில் எனக்குக் கவலையில்லை. ஆறு தடம் மாறிப்போன பழைய மணல் படுகைகளும், தூர்த்து மணல் கொட்டிய குளங்களுமே உறுத்துகின்றன. அங்கேதான் மருத்துவமனையும் துணை மின்நிலையமும் எழுகின்றன.

ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பிலேயே மண் நீர்மமாதலைக் கணிக்கும் முறை பின்னிணைப்பாக இருக்கிறது. 63.5 கிலோ சுத்தியல் 75 செ.மீ. உயரத்திலிருந்து விழ, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டும் என்ற எண்ணிக்கை எப்படியும் உங்கள் கையில் வருகிறது. அடுக்குக்கு அடுக்கு சல்லடைச் சோதனை செய்து நுண்துகள் அளவையும் சேருங்கள். நீர்மட்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை அளவையே எடுங்கள். பல இடங்களில் ஆபத்தில்லை என்றே விடை வரலாம். வரட்டும், போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

டெண்டர் ஆவணத்தோடு துளைப் பதிவுகளையும் இந்தக் கணக்கையும் பொதுவில் வையுங்கள். திருச்சியிலும் தஞ்சையிலும் உள்ள கல்லூரிகளின் மண் பொறியியல் ஆசிரியர்கள் சரிபார்க்கட்டும். மணல் தளர்ந்திருந்தால் பைலை, அதாவது ஆழ அடித்தளத் தூணை, அந்த அடுக்கையும் தாண்டி இறக்க வேண்டும், அல்லது கல் தூண் போட்டு மணலை இறுக்க வேண்டும். எஸ்டிமேட் கையெழுத்தாகும் முன் அந்தச் செலவு அதில் ஏறியிருக்க வேண்டும்.