அடியை விட்டுவிட்டு வசவை எண்ணினார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ரெயின்போ ரவலின் 'எலினார் அண்ட் பார்க்' நாவலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். பள்ளிப் பேருந்தில் மலர்ந்த காதல் என்பதோடு கதை முடிந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். எலினார் என்ற பெண்ணுக்கும் பார்க் என்ற பையனுக்கும் காதல் உண்டுதான். ஆனால் பேருந்திலிருந்து இறங்கி எந்த வீட்டுக்குள் அந்தப் பெண் நுழைகிறாள் என்பதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே!

1986, அமெரிக்காவின் ஒமாஹா நகரம். ஐந்து பிள்ளைகளுக்கும் ஒரே அறை. குளியலறைக்குக் கதவில்லை. அம்மாவின் இரண்டாம் கணவன் ரிச்சி வீடு திரும்புவதற்குள் எலினார் குளித்தாக வேண்டும். அவன் ஏற்கெனவே ஒருமுறை அவளை வெளியே துரத்தியவன். அடி விழும் காட்சிகள் அதிகமில்லை. குளிக்கிற நேரத்தைக் கணக்குப் பார்ப்பதிலேயே பயம் தெரிந்துவிடுகிறது. அவளுடைய பாடப்புத்தக அட்டைகளில் ஆபாசமாக யாரோ கிறுக்கியிருப்பார்கள். பள்ளிப் பிள்ளைகளின் வேலை என்றுதான் நானும் நம்பினேன். அந்தக் கையெழுத்து யாருடையது என்று அவளுக்குப் புரிகிற இடத்தில் (கதையை உடைப்பதற்கு மன்னிக்கவும்) புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

2013இல் மினசோட்டாவின் அனோகா பகுதியில் பெற்றோர் சிலர் இதைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 227 கெட்ட வார்த்தைகள் இருக்கின்றனவாம். உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்! அவற்றில் எத்தனை அந்த வீட்டுக்குள் ஒரு பெண்பிள்ளையின் காதில் விழுந்தவை என்று எண்ணினார்களா, தெரியவில்லை. ஏற்பாடாகியிருந்த எழுத்தாளர் சந்திப்பும் நின்றுபோனது. நல்லவேளை, மறுஆய்வுக் குழு புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றது.

'கையாலாகாத அம்மா' என்ற உங்கள் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. அவள் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. வீட்டில் போன் இல்லை, கையில் தனக்கென்று காசில்லை, பெற்றது ஐந்து. கிளம்பி எங்கே போவாள்? எலினாருக்காவது செயின்ட் பால் நகரில் ஒரு மாமா இருந்தார், ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் விட பார்க் இருந்தான். தம்பி தங்கைகளை அதே வீட்டில் விட்டுவிட்டுத்தான் அவள் தப்பிக்கிறாள். அதன்பிறகு அவனுக்குக்கூடக் கடிதம் எழுத முடியாமல் கிடக்கிறாளே, அதை 'காதலில் ஏற்பட்ட விரிசல்' என்று எழுத எப்படி மனம் வந்தது?

ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட நூல்களை அறிமுகம் செய்யும் பக்கத்தின் ஓரத்தில் 1098 என்ற எண்ணையும் அச்சிடுங்கள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் அது, ராத்திரியிலும் கூப்பிடலாம். உங்கள் இதழ் பள்ளி நூலகங்களுக்கும் போகிறது.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்