ஈரலின் வடுவும் 22 எழுத்துகளும்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. கண்புரை அறுவைக்குப் பிறகு உன் கையெழுத்தைக் கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன் என்பது என் பக்கத்துச் செய்தி. உன் பக்கத்துச் செய்திதான் மனத்தை உறுத்துகிறது. உன் தம்பிக்கு ஃபேட்டி லிவர் இருப்பது எனக்கு முன்பே தெரியும். இப்போது ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேனில் 9.2 என்று வந்திருப்பதையும், ஈரலில் வடு விழத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னதையும் எழுதி, இதற்கு ஏதோ குட்டி ஆர்.என்.ஏ மருந்து வந்துவிட்டதாமே, உண்மையா என்று கேட்டிருக்கிறாய். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்த வடுவைச் செய்யும் செல்களோடு மல்லுக்கட்டியவன் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வடுவை உண்டாக்குவது ஈரலின் முதன்மைச் செல்கள் அல்ல. அவற்றுக்கும் அவற்றை ஒட்டி ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்களுக்கும் இடையிலுள்ள குறுகிய சந்தில், கைகளை விரித்தபடி சில விண்மீன் செல்கள் குந்தியிருக்கின்றன. 1876-இல் குஃப்ஃபர் என்ற ஜெர்மானியர் தங்கக் குளோரைடால் சாயமேற்றிப் பார்த்தபோது கண்ட வடிவத்தை வைத்தே அந்தப் பெயர் அமைந்தது. வைட்டமின் ஏ-வைக் கொழுப்புத் துளிகளாகச் சேமித்து வைப்பது அவற்றின் அன்றாட வேலை. குடியாலோ, வைரஸாலோ, கொழுப்பாலோ ஈரலுக்கு ஓயாமல் அடி விழுந்தால், அதுவரை சாதுவாக இருந்த இவை துளிகளை இழந்து நீண்டு, கொலாஜன் என்ற புரத நாரைக் கொட்டத் தொடங்குகின்றன.

ஆய்வு மாணவனாக இருந்தபோது எலியின் ஈரலிலிருந்து இவற்றைப் பிரித்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தேன். புற ஊதா ஒளியில் அந்தத் துளிகள் நீலப்பச்சையாக மின்னும். நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒளி மங்கி அணைந்துவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், துளிகளைக் காணோம். தட்டு முழுவதும் செல்கள் தட்டையாகப் படர்ந்து கிடந்தன. வேறு ஏதோ செல் கலந்துவிட்டது என்று எண்ணி அத்தனையையும் கொட்டிவிட்டேன். பிளாஸ்டிக்கின் விறைப்பு ஒன்றே அவற்றை வடு செய்யும் செல்களாக மாற்றப் போதும் என்றும், நான் கொட்டியது என் ஆய்வின் முதல் முடிவு என்றும் என் ஆசிரியர் பிறகு சொன்னார்.

இனி நீ கேட்ட ஆர்.என்.ஏ. மரபணு எழுதித் தரும் ஓலையைத் தூது ஆர்.என்.ஏ எடுத்துப் போகிறது. அதைப் படித்துத்தான் செல் புரதம் செய்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமே உள்ள ஒரு துணுக்கு. தனக்குப் பொருந்தும் வரி எந்த ஓலையில் இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொண்டு, அது படிக்கப்படுவதைக் குறைத்துவிடும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்கனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டறிந்தார்கள். 2024-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

விண்மீன் செல்லில் மிர்-29 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ-வின் சுருக்கம்) என்னும் துணுக்கு கொலாஜன் ஓலைகளை அடக்கி வைக்கிறது. வடு விழுந்த ஈரலில், எலியானாலும் மனிதரானாலும், இதன் அளவு குறைந்திருப்பதை 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வடுவைத் தூண்டும் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞையே மிர்-29-ஐக் குறைக்கிறது. காவலாளியை முதலில் கட்டிப்போட்டுவிட்டுத்தான் திருடன் உள்ளே நுழைகிறான். மிர்-21 இதற்கு நேர்மாறு. அது பெருகப் பெருக, அந்தச் சமிக்ஞைக்கு இருக்கும் உள்தடைகள் தளர்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது மிர்-122. ஈரலின் முதன்மைச் செல்களில் உள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இது ஒன்றே. இது இல்லாமல் பிறக்கவைத்த எலிகளுக்கு ஈரலில் கொழுப்பு சேர்ந்து, வடு விழுந்து, கடைசியில் புற்றும் வந்தது. ஆனால் ஹெபடைடிஸ் சி வைரஸ் பெருகுவதற்கும் இதே துணுக்கின் உதவி வேண்டும். ஒரு துணுக்கு நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தச் செல்லில், எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மருந்தாக்குவதில் உள்ள சிக்கலும் இங்கேதான். ஈரல் புற்று உள்ளிட்ட புற்றுகளுக்காக மிர்-34 போன்றதொரு மருந்தை மனிதரிடம் சோதித்தபோது கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகள் தோன்றி, உயிரிழப்பும் நேர்ந்து, 2016-இல் சோதனை நிறுத்தப்பட்டது. ஈரலின் முதன்மைச் செல்களுக்கு ஒரு சர்க்கரைக் கொக்கியை மாட்டி அனுப்பினால் ஆர்.என்.ஏ போய்ச் சேர்ந்துவிடும். 2019 முதல் அவ்வகை மருந்துகள் வேறு நோய்களுக்குப் புழக்கத்தில் உள்ளன. விண்மீன் செல்லுக்கு அந்தக் கொக்கி மாட்டும் வாசல் கிடையாது. ஜப்பானின் சப்போரோவில் ஒரு குழு அழகாக யோசித்தது: இந்தச் செல்லுக்கு வைட்டமின் ஏ என்றால் ஆசை அல்லவா, அதையே தூண்டில் இரையாக்குவோம் என்று. கொலாஜனைச் சீராக மடிக்க உதவும் புரதத்தைத் தடுக்கும் செயற்கைக் குட்டி ஆர்.என்.ஏ-வை, மேலே வைட்டமின் ஏ ஒட்டிய கொழுப்புக் குமிழியில் வைத்து எலிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றின் வடு கரைந்ததையும், சாக வேண்டிய எலிகள் பிழைத்ததையும் 2008-இல் வெளியிட்டார்கள். பிறகு மனிதரிடமும் அது சோதிக்கப்பட்டது. ஆனால் நான் அறிந்தவரை, ஈரல் வடுவுக்கென்று இவ்வகை மருந்து எதுவும் இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை. தம்பியிடம் யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

அதற்காக அவன் கைகட்டி உட்கார வேண்டியதில்லை. எலிகளில் அடி நின்றபோது, நார் செய்துகொண்டிருந்த விண்மீன் செல்களில் ஏறத்தாழ பாதி மடிந்தன; மீதி, முழுதாக இல்லாவிட்டாலும், பழைய சாதுநிலைக்கே திரும்பின. கியூபாவில் ஓராண்டு நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 விழுக்காட்டினருக்கு வடு குறைந்திருந்ததை, ஈரலில் துளி திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியே காட்டியது.

ஒன்று கேட்க வேண்டும். ஸ்கேனுக்குப் போகும் வழியில் இருவரும் டிபன் சாப்பிட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பரிசோதனைக்கு முன் குறைந்தது மூன்று மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும். சாப்பிட்டதும் ஈரலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் எண் உயர்ந்து தெரியும். ஆகவே வெறும் வயிற்றோடு இன்னொரு முறை பார்க்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிட்டு, வருகிற எண்ணை எனக்கு எழுது.

அன்புடன்,
வேதாசலம்