கண்ணி கோர்ப்பவர் பெயரையும் ஏட்டில் எழுதுங்கள்

சேலத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துவோருக்கும் மொத்த வியாபாரிகளுக்கும் வணக்கம்.

நான் சிவதாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அம்மா 30 ஆண்டுகளுக்கும் மேலாக வீட்டிலிருந்தபடியே கொலுசுக்குக் கண்ணி கோர்த்தவர். அப்பா பட்டறையிலிருந்து வாங்கிவரும் வளையங்களைத் தட்டில் கொட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துக் கோர்ப்பார். பற்றவைக்கும் பொடி பறந்துவிடும் என்பதால் சித்திரை வெயிலிலும் மின்விசிறி போடமாட்டார். கொடுத்த வெள்ளியும் திரும்பிய வெள்ளியும் மில்லிகிராம் வரை எடைபோட்டு எழுதப்படும். சேதாரம் கூடினால் கூலியில் பிடிப்பார்கள். அத்தனை துல்லியமான அந்த ஏட்டில் இருந்தது அப்பாவின் பெயர் மட்டும்தான். அவர் காலமானதும் அந்தப் பக்கம் என் தம்பி பெயருக்கு மாறியது. தம்பிக்கு அப்போது 16 வயது. ஒரு நாளும் அவன் இடுக்கி பிடித்ததில்லை.

பிற்பாடு, உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துகொள்ள அம்மா முயன்றபோது வேலைச் சான்று தேவைப்பட்டது. வேலை கொடுத்தவரிடம் போனோம். "உங்க பேரு நம்ம கணக்குல இல்லையேம்மா" என்றார். அந்தப் பட்டறையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை; அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இன்றுவரை என்னை வருத்துகிறது.

சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லாமல் இல்லை. தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982-இலேயே வந்துவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வோரும் அமைப்புசாராத் தொழிலாளர்களே என்று 2008-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் வரையறுத்தது. கூலியில்லாத வீட்டுவேலையையே உழைப்பாக மதித்து, 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயை மகளிர் உரிமைத் தொகையாகத் தமிழக அரசு தரத் தொடங்கியது. அப்படியிருக்க, கூலிக்குச் செய்யும் வேலை அடுப்படிக்குப் பக்கத்தில் நடக்கிறது என்பதற்காகவே அது 'வீட்டில் சும்மா இருக்கும்போது செய்வது' என்று ஆகிவிடுவது எந்த வகையில் நியாயம்?

கிலோ வெள்ளி 1 லட்சம் ரூபாயைத் தாண்டிய பிறகு உங்கள் முதல் முடங்குவதையும் ஆர்டர் குறைவதையும் நான் அறிவேன். ஆனால் விலை ஏற ஏற மெல்லிய கொலுசுகளையே ஊர் கேட்கிறது. அதே எடைக்குக் கண்ணிகளின் எண்ணிக்கை கூடுகிறது, எடைக்கணக்கில் கூலி வாங்கும் பெண்ணுக்கோ வேலை மட்டும்தான் கூடுகிறது. கூலி உயர்வைப் பற்றித் தனியே பேசத்தான் வேண்டும். இந்த மடலில் நான் கேட்பது, உங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் செலவு வைக்காத ஒன்றை.

கோர்ப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரில் ஒரு கூலிப் புத்தகம் போடுங்கள். தேதி, எடை, கூலி, உங்கள் கையொப்பம், இவை போதும். ஆடி மந்தம் முடிந்து தீபாவளி வேலை தொடங்கும் நாளில், முதல் எடை வெள்ளியோடு அந்தப் புத்தகத்தையும் அவர்கள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கண்ணி கோர்த்த ஒருவரின் மகள்