மதுரைக்கு ஒரு பொது இருட்டறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் தந்தையார் விட்டுச்சென்ற யாஷிகா மேட் கேமராவில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போட்டு ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவைப் படம் எடுத்து வருகிறேன். குனிந்து பார்க்கும் அதன் கண்ணாடியில் இடவலம் மாறித் தெரியும் என்பதால், வைகையில் வலப்பக்கம் நகரும் அழகர் அதில் இடப்பக்கம் போவார். அதற்குக் கை பழகவே எனக்குப் பல திருவிழாக்கள் ஆயின. ஒரு ரோலில் 12 படங்கள்தாம் என்பதால், விடியல் வெளிச்சம் தங்கக் குதிரையின் மேல் விழும்வரை கூட்டத்தில் இடிபட்டுக் காத்திருக்க வேண்டும்.

அப்படி எடுத்த ஒரு ரோலைக் கழுவித் தரும்படி வெளியூருக்குக் கூரியரில் அனுப்பியபோது, நெடுக்குக் கீறல்களோடு திரும்பி வந்தது. கடந்துபோன திருவிழாவை யாரால் மறுபடி எடுக்க முடியும்?

வீட்டில் கழுவலாம் என்றால் மதுரை வெயில் இடம் தருவதில்லை. ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் மருந்தான டெவலப்பருக்கு உகந்த சூடு 20 டிகிரி; சித்திரையில் எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரோ 32 டிகிரிக்குக் குறைவதில்லை. சூடு கூடினால் கழுவும் நேரம் சுருங்கிப் படம் திட்டுத்திட்டாகிறது; பனிக்கட்டி வைத்து டெவலப்பரைக் குளிர்வித்துவிட்டு படத்தை நிலைக்கச் செய்யும் ஹைப்போவை வெதுவெதுப்பாக விட்டாலோ, ஃபிலிமின் மேற்பூச்சு சுருங்கி வெடிப்புகள் விடுகின்றன. சிவப்பு விளக்கில் ஃபிலிம் கழுவலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது பிரிண்ட் போடும் தாளுக்குத்தான், ஃபிலிமை ஒளி புகாத கழுவும் டேங்கில் ஏற்றக் கும்மிருட்டு வேண்டும்.

உதகையில் ‘இந்து’ என்ற பெயரில் தயாரான ஃபிலிம் நின்றுபோனாலும் இல்ஃபோர்டு, கோடாக் ரோல்களை இன்றும் வரவழைக்க முடிகிறது. பழைய கேமராக்கள் பல வீட்டுப் பரண்களில் உறங்குகின்றன. இல்லாதது, ஃபிலிம் கழுவ ஓர் இருட்டறை மட்டும்தான்.

1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் இங்கு வந்து காகித நெகட்டிவில் எடுத்த படங்களால்தான், பின்னர் சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு செப்பனிடுவதற்கு முன் திருமலை நாயக்கர் மகால் எந்நிலையில் இருந்தது என்பதை இன்றும் காண முடிகிறது. அத்தகைய ஊரில், நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலோ அரசுக் கல்லூரி ஒன்றிலோ, குளிரூட்டியும் குழாய்த் தண்ணீரும் உள்ள, பத்துக்குப் பத்தடி அறை ஒன்றை இதற்கென ஒதுக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன். நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போட என்னிடமுள்ள என்லார்ஜரையும் டிரேக்களையும் அந்த அறைக்கே கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கழுவக் கற்றுக்கொடுக்கவும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மதுரை.