ரெசிஃபியின் இளம் பாதிரியார்

ஆசிரியருக்கு,

பிரேசில் என்றால் நமக்குக் கால்பந்துதான். 1964 முதல் 1985 வரை அங்கே நடந்த ராணுவ ஆட்சியும் அதில் பலியான அந்தோனியோ என்ரிக்கே பெரேரா நேட்டோவும் நினைவுக்கு வருவதில்லை. ரெசிஃபி நகரில், ராணுவ ஆட்சியை எதிர்த்துப் பேசிய பேராயர் எல்டர் கமராவின் கீழ் இளைஞர் பணியைக் கவனித்த பாதிரியார் அவர். வயது 28. 1969 மே 26 இரவு, இளைஞர்களையும் பெற்றோர்களையும் சந்தித்துவிட்டுத் திரும்பியவரைக் கடத்திக் கொன்றார்கள். சித்திரவதைக் காயங்களோடு உடல் மறுநாள் கிடைத்தது. உலகப் புகழ்பெற்ற பேராயர் மீது கைவைக்கத் தயக்கம். அதனால் அவர் பிள்ளைபோல் நினைத்தவரைக் குறிவைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள். அப்போது பத்திரிகைகளுக்குத் தணிக்கை. சரி, நமக்கு அந்தத் தடை இல்லையே. வருகிற மே 27 அன்று அவருக்காக நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்