அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாள்தோறும் வெளியாகும் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்ட நிலவரத்தைப் படித்த பிறகே மற்றச் செய்திகளுக்குப் போகும் பழைய வாசகன் நான். அந்த நிலவரத்தோடு மழைக்காலத்தில் மட்டுமாவது சேர்த்து வெளியிட வேண்டிய ஒன்றைப் பற்றியே இக்கடிதம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஆச்சி ஒருவர் தொலைக்காட்சியில் அதிகனமழை எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்து, “சார்வாள், இருபது சென்டிமீட்டருக்கு மேலன்னு சொல்லுதாங்களே, நம்ம வீட்டுல எத்தனாவது படி வரைக்கும் வரும்?” என்று கேட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் புவியியல் நடத்திய நான், “உங்க பேத்தி வச்சிருக்கிற ஸ்கேல் அளவுகூட இல்ல ஆச்சி, தைரியமா இருங்க” என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினேன். மறுநாள் விடிவதற்குள் அவருடைய வீட்டுக்குள் ஜன்னல் விளிம்பு வரை தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டு இளைஞர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மொட்டை மாடியில் சேர்த்தார்கள். ஆச்சி இன்றுவரை என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

சென்டிமீட்டர் என்பது பெய்த மழையின் அளவேயன்றித் தெருவில் நிற்கப்போகும் தண்ணீரின் உயரம் அன்று. ஒரு சென்ட் நிலத்தில் 1 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 400 லிட்டர் தண்ணீர் விழுகிறது. அந்த இரவோடு தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ. மழையை இந்தக் கணக்கில் பார்த்தால், ஒவ்வொரு சென்ட் நிலத்திலும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகள் மூன்றைக் கவிழ்த்ததற்குச் சமம். மேட்டில் விழுந்ததெல்லாம் பள்ளத்தைத் தேடி ஓடுவதால், பள்ளத்தில் இருப்பவர் தம் தலையில் பெய்த மழையோடு ஊரார் தலையில் பெய்த மழையையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறார். இந்த எளிய கணக்கை வகுப்பில் ஒரு முறைகூட நான் சென்ட் கணக்கில் சொல்லிக்கொடுத்ததில்லை.

எச்சரிக்கைச் சொற்களிலும் ஒரு குறை இருக்கிறது. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் எவ்வளவு பெய்தாலும் அதிகனமழை. அதாவது 21 செ.மீ. மழைக்கும் 95 செ.மீ. மழைக்கும் பெயர் ஒன்றே, நிறமும் அதே சிவப்பு. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே ஏறத்தாழ 66 செ.மீ. தான் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் சொல்லுக்குள் எவ்வளவு பெரிய வேறுபாடு மறைந்திருக்கிறது என்பது விளங்கும். இதற்கு வானிலை ஆய்வாளர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. குறிப்பிட்ட ஒரு சிறிய இடத்தில் இவ்வளவு பெருமழை கொட்டும் என்று முன்கூட்டியே துல்லியமாகச் சொல்வது இன்றும் கடினமான வேலை. அவர்கள் தரும் எண்ணைத் தெருவின் மொழிக்கு மாற்றித் தருவது உள்ளூரில் இருக்கும் நம்முடைய வேலை.

நெல்லை மக்களிடம் அந்த மொழி முன்பே இருந்தது. தாமிரபரணி ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதா, உற்சவர் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளிவிட்டாரா, மண்டபம் முங்கிவிட்டதா என்று கேட்டே ஆற்றங்கரைத் தெருக்கள் மூட்டை முடிச்சைக் கட்டின. 1992 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்கள் எல்லாரும் கனஅடிக் கணக்கை மறந்துவிட்டார்கள். தண்ணீர் எந்தத் திண்ணை வரை வந்தது என்பதை மட்டும் மறக்கவில்லை.

ஆனால் ஆற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாலும் ஏமாந்துவிடுவோம். 2023இல் பெருமழை மலையில் மட்டுமன்றிச் சமவெளியிலும் கடற்கரையிலும் கொட்டியது. குளத்துக்குக் குளம் நிரம்பி வழிந்து மறுகால் பாய்ந்து, தாங்காத கரைகள் உடைந்து, ஆற்றுக்குத் தொலைவில் இருந்த ஊர்களிலும் தண்ணீர் புகுந்தது. அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீரை மட்டுமே வெள்ளம் என்று எண்ணியிருந்தவர்களுக்குக் குளத்து வெள்ளம் பின்வாசல் வழியாக வந்தது. பாளையங்கோட்டையில் வேய்ந்தான்குளத்துப் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, இங்கே ஏன் தண்ணீர் தேங்குகிறது என்று வியப்பவர்கள் அந்த இடத்தின் பெயரை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறானதும் நடக்கிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மீது மலைமேல் பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி, பள்ளி மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. காலடியில் மழை இல்லை என்பது பாதுகாப்புக்குச் சான்று ஆகாது. தரைப்பாலங்களுக்கும் இது பொருந்தும். ஓடும் நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். முழங்காலளவுதானே என்று இருசக்கர வாகனத்தை இறக்குபவருக்கு நீரின் ஆழம் ஓரளவு தெரிகிறது. அதன் வேகமும், அடியில் பாலம் அரித்துப்போயிருப்பதும் தெரிவதில்லை. தண்ணீர் வீட்டுப் படியைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணைப்பது, அடையாள அட்டைகளையும் மருந்துகளையும் பிளாஸ்டிக் உறையில் கட்டி வைப்பது, 1077 என்ற மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது போன்றவற்றைத் தாங்கள் பலமுறை வெளியிட்டிருப்பதால் நான் விரிக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தின் இரவில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரங்களும் செயலிழந்த பிறகு எந்தக் குறுஞ்செய்தியும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கி ஒன்று ஒவ்வொரு தெருவின் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ இருப்பது நல்லது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அணை நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் ஒதுக்கி, குறுக்குத்துறையில் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது, எந்தெந்தக் குளங்கள் மறுகால் பாய்கின்றன, இன்றைய நீர்வரத்து நீடித்தால் தாழ்வான எந்தத் தெருக்களுக்குத் தண்ணீர் வரக்கூடும் என்பதைப் நீர்வளத் துறையிடம் கேட்டு வெளியிடுங்கள். மாநகராட்சியும் ஊராட்சிகளும் 2023 வெள்ளம் நின்ற உயரத்தை மின்கம்பங்களில் சிவப்பு வண்ணத்தால் குறித்து வைத்தால், தங்கள் கட்டத்தைப் படிப்பவர் அந்தக் கோட்டோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

எங்கள் தெருவில் இருபத்தாறு வீடுகளின் சுவர்களில் இன்னும் மங்காமல் இருக்கும் சேற்றுக் கறையைத் தரையிலிருந்து அளந்து குறித்து வைத்திருக்கிறேன். முதல் அளவு ஆச்சி வீட்டினுடையது. தாங்கள் விரும்பினால் அந்தப் பட்டியலை நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர்,
சிந்துபூந்துறை, திருநெல்வேலி.