கூட இருப்பதற்கு ஒரு கூட்டுறவு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் எழுத உட்கார்ந்த இரண்டு முறையும் யாருக்காவது வலி கண்டுவிட்டது. பிரசவ வலியில் இருப்பவளுக்குத் துணையாகப் போகிற டூலாவின் பிழைப்பு உனக்குத் தெரியாததா? "தனியாகத் தொழில் செய்கிறவளுக்குச் சங்கம் எதற்குடி? தலைக்கு மேல் இன்னொரு தலையா?" என்று எங்கள் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றிக் குத்தலாகக் கேட்டிருந்தாய். மற்ற கதையெல்லாம் பிறகு, இதற்கு மட்டும் இன்று பதில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஓர் இரவு. எட்டு மணி நேரமாக ஒரு பெண்ணின் இடுப்பை அழுத்திவிட்டுக்கொண்டிருந்தேன். அப்போது இன்னொருத்தி, தேதிக்கு இரண்டு வாரம் மிச்சம் இருந்தவள், பனிக்குடம் உடைந்துவிட்டது என்று கூப்பிட்டாள். வராந்தாவில் நின்று தெரிந்த டூலாக்கள் நான்கு பேருக்கும் போன் போட்டேன். ஒருத்தி ஊரில் இல்லை, ஒருத்திக்குக் காய்ச்சல், மற்ற இருவர் எடுக்கவே இல்லை. அவள் துணையில்லாமலே பெற்றாள். தாயும் பிள்ளையும் நலம்தான். "பரவாயில்லக்கா" என்றாள். அந்தப் பரவாயில்லை இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

நாங்கள் உள் பரிசோதனை செய்வதில்லை, மருந்து கொடுப்பதில்லை, பிள்ளையைக் கையில் ஏந்தி எடுப்பதும் நாங்கள் இல்லை. அதெல்லாம் மருத்துவச்சிக்கும் டாக்டருக்கும் உரியது. கூட இருப்பதுதான் எங்கள் வேலை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் கென்னல், கிளாஸ் என்ற மருத்துவர்களும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றி உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேனா? முதல் பிரசவத்துக்கு வந்த பெண்களில் வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களுக்கு 18 சதவீதம் சிசேரியன். டூலா கூட இருந்தவர்களுக்கு 8. எனக்குப் பிடித்தது நடுவில் உள்ள கூட்டம்: அவர்கள் அறையில் ஒரு பெண் ஒதுங்கி உட்கார்ந்து குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள், வலியில் இருந்தவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே 13. சும்மா உட்கார்ந்திருந்ததற்கே அது!

ஆனால் இந்த 'கூட இருப்பேன்' என்ற வாக்கை ஒருத்தியால் கொடுக்க முடியாது என்பதுதான் சிக்கல். 38ஆம் வாரத்திலிருந்து 42 வரை எந்த நேரமும் பிள்ளை வரலாம். அந்தக் காலம் முழுக்கக் காய்ச்சல் வராமல், சொந்த வீட்டில் சாவு விழாமல், இன்னொருத்திக்கு வலி காணாமல் இருக்கவேண்டும். நான் முன்பு இருந்த ஏஜென்சி மாற்று ஆள் அனுப்பும்தான். கதவைத் திறந்து வருகிறவளை அந்தத் தாய் முன்பின் பார்த்திருக்கமாட்டாள். எங்கள் கூலியில் எவ்வளவு எங்கே போகிறது என்று கேட்டால் முகம் மாறும்.

இப்போது 14 பேர் சேர்ந்திருக்கிறோம். எல்லோருக்கும் ஒரே பங்குத்தொகை, ஆளுக்கு ஒரு வாக்கு. யாரை ஏற்பது, எவ்வளவு வாங்குவது என்பதில் சங்கம் தலையிடாது. அதனால் நீ பயப்படுகிற அந்த இன்னொரு தலை இங்கே இல்லை. வருமானத்தில் பொதுக்குழு முடிவு செய்த ஒரு பகுதியைக் கட்டுகிறோம். ஒப்பந்தப் படிவம், கணக்கு எல்லாம் அதிலிருந்து நடக்கிறது. முக்கியமாக, மாற்றுத் துணைப் பட்டியல். ஒவ்வொரு தாயும் 36ஆம் வாரத்துக்குள் தன் இரண்டாவது டூலாவையும் நேரில் பார்த்துவிடுவாள். பிள்ளை இறந்து பிறந்த வீட்டிலிருந்து திரும்புகிறவளோடு மறுநாள் இன்னொருத்தி போய் உட்காருவதும் இப்போது முறையாகிவிட்டது. முன்பெல்லாம் அந்த அழுகையைக் குளியலறையில் முடித்துக்கொள்வோம்.

சண்டை இல்லாமலில்லை. மாற்றாக நிற்கிறவளை அழைத்தால்தான் கூலி என்றேன் நான். அழைக்காவிட்டாலும் கொடுக்கவேண்டும், காத்திருப்பதும் வேலைதான் என்றாள் எங்களில் இளையவள். அதோடு விட்டாளா, ஹூஸ்டன் ஆய்வில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணையே எடுத்து என் தலையில் போட்டாள், நான் சொல்லிக் கொடுத்ததையே! தோற்றேன். 9க்கு 5. செலவு தாங்குமா என்ற கவலை எனக்கு இன்னும் போகவில்லை, ஆனாலும் இப்போது யாரும் போனை எடுக்காமல் இருப்பதில்லை.

(டூலா என்றால் கிரேக்கத்தில் பணிப்பெண், அடிமைப்பெண் என்று பொருளாம். அடிமைகளே முதலாளிகள் ஆன இடம் என்று எங்களை நாங்களே கேலி செய்துகொள்கிறோம்.)

சரி, உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நீ தணிக்கை செய்கிறவள், துணைவிதி படித்தே கண் கெட்டவள். உபரியை எப்படிப் பங்கிடுவது என்ற விதியின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். 1844இல் இங்கிலாந்தில் கூட்டுறவுக் கடை தொடங்கிய ராச்டேல் முன்னோடிகள், உறுப்பினர்கள் வாங்கிய சரக்குக்கு ஏற்ப உபரியைப் பிரித்துக் கொடுத்தார்களே, அதே போல நாங்கள் பார்த்த பிரசவங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப என்று எழுதிவிட்டோம். எழுதும்போது நியாயமாகத்தான் தெரிந்தது. இந்த வருஷம் எங்களில் ஒருத்தி தானே பிள்ளை பெற்று வீட்டில் இருக்கிறாள். இந்த விதிப்படி அவளுக்கு ஒரு காசு வராது. பிரசவத்துக்குத் துணை போகிறவர்களின் சங்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு வெறுங்கையா? அடுத்த மாதம் பொதுக்குழு. அதற்குள் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு.

உன் பழைய தோழி